இரண்டே தடவை கூப்பிட்ட பேய்

மக்களே, இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்கு வேறு மொழியில் எழுத வராது. தாராவியில் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். இந்தியில் பேசுவேன், சண்டை போடுவேன், எழுத மாட்டேன். உங்களில் பெரியவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பாப்பாவுக்கு அவன் படித்துச் சொல்லட்டும். ஏல, படிக்கும்போது கஷ்டமான இடத்தை எல்லாம் தாண்டிக்கொண்டு போகாதே. நிதானமாகப் படி.

போன ஹாலோவீன் அன்று மத்தியானம் பாப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொல்லாமல், "அடுத்த கதையப் பாப்போம்மா" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கிறது. நான் குளிக்கும்போதும் கேட்கிறது, கல்லில் தோசை வார்க்கும்போதும் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் சின்னவனாக இருந்தபோது ஹாலோவீன் என்று ஒன்று எங்களுக்குத் தெரியாது. பேய்க்கென்று தனியாக ஒரு நாள் வேண்டியிருக்கவில்லை. கரண்ட் போனால் போதும். செம்பூருக்குக் குடி வந்த பிறகுதான், பில்டிங் பிள்ளைகள் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு மாடி மாடியாக வந்து மணி அடித்துச் சாக்லேட் கேட்பதைப் பார்த்தேன். முதல் வருஷம் நான் கதவைத் திறந்து, ஏதோ கோயிலுக்கு வசூல் என்று நினைத்துக் கும்பிட்டேன். பாப்பா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அன்றைக்கு நான் மாட்டுங்கா ஹோட்டலில் காலை ஷிஃப்ட் முடித்து வந்து, சட்டையைக் கழற்றாமலே டீ குடித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தீபாவளி லீவு. பாப்பா என் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு எல்லாரும் ஹாரர் காமெடிதான் பாக்காங்க. நமக்கும் போடணும். நாலஞ்சு கதை சேர்ந்தது."

"எதுக்கு நாலஞ்சு? ஒண்ணுக்கே நீ என் மடில வந்து உக்காந்துக்கிடுவ."

"அதுக்குத்தான். ஒரு கதைல டர் வந்து பயந்துட்டோம்னா, அடுத்த கதைல சிரிச்சு சரி பண்ணிக்கலாம்ல."

பெரியவன் டிவி முன்னால் உட்கார்ந்து ரிமோட்டால் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். மண்டை ஓடு, பூசணிக்காய், ரத்தம் ஒழுகும் எழுத்து, சிரிக்கிற பிணம். அவற்றுக்கு நடுவில் ஒரு சலூன் நாற்காலி. பின்னால் கத்தரிக்கோலோடு நிற்கிற ஒரு கிழவன்.

"ஏல, நில்லு. பின்னால போ."

"இதுவா? பழைய படம்ப்பா. டப்பிங்."

"அதத்தான் போடு" என்றேன். சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்று இருந்தது.

அந்தப் படத்தை எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவும் நானும் தாராவி வீட்டில் ஒரு தடவை பார்த்திருக்கிறோம். ஒரு சலூன்காரன், நாற்காலியில் வந்து உட்காருகிறவனுக்கெல்லாம் ஒரு பேய்க்கதை சொல்லுவான். ஐந்து பேர் வருவார்கள், ஐந்து கதை. நாலாவது கதையில் வருகிற பேய்க்குத் தமிழில் குரல் கொடுத்தது உங்கள் அம்மா.

அது நடந்தது இப்படி. அம்மா மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள். அந்த வீட்டு மாமி வெளிநாட்டுப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் தமிழில் குரல் கொடுக்கிறவர். ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு வர வேண்டிய ஒரு பெண் வரவில்லை. மாமி, அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "நீ வாயேன்டி. ரெண்டு வரிதான். ஆத்துல கத்தற மாதிரி கத்தினாப் போறும்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். வந்து பையைக் கூடக் கீழே வைக்காமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு கண்ணாடி ரூமுங்க. காதுல டப்பா மாதிரி ஒண்ண மாட்டி விட்டாவ. முன்னால படம் ஓடுது. பனியாக் கொட்டுது. ஒரு பொம்பளைக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணுமில்ல. தலைய ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, மகன் வீட்டு வாசல்ல நிக்கா. செத்துப் போனவளாம். அந்த ஒரு நாள்தான் வீட்டுக்கு வர முடியுமாம். அந்தத் தலைதான் பேசுது."

"நீ என்ன பேசின?"

"'கதவைத் திற, நான் வந்திருக்கிறேன்'னு எழுதிக் குடுத்தாவ. வந்திருக்கிறேன்னு எவ சொல்லுவா வீட்டு வாசல்ல? எனக்கு நாக்கு சுத்திக்கிட்டு. சவுண்டு பாக்கவரு, 'அம்மா, பேய் மாதிரி இல்ல, ரேஷன் கடை வரிசையில நிக்க மாதிரி இருக்கு'ங்காரு. பொறகு அவரே, 'நீங்க வீட்டுக்குப் போனா எப்படிக் கூப்பிடுவீங்க, அப்படிச் சொல்லுங்க'ன்னாரு. நான் அந்தப் பேயப் பாத்தேன். பாவம், ரெண்டு கையிலயும் தலை. எப்படிக் கதவத் தட்டுவா? எனக்கு நம்ம வீட்டு நெனப்பு வந்துட்டு. சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"'ஏல, கதவத் தொறல. கை நெறய இருக்குல்லா'ன்னு."

மாமி சிரித்துச் சிரித்து இருமிவிட்டாராம். "இதையே வெச்சுக்கோங்கோ, இதான் நன்னா இருக்கு" என்று சொன்னாராம். அப்படித்தான், எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரி திருநெல்வேலித் தமிழ் பேச ஆரம்பித்தாள்.

தாராவி வீட்டைப் பெரியவனுக்கு நினைவிருக்கும். பாப்பாவுக்கு இருக்காது. ஒரே அறை, மேலே பரண், தகரம் அடித்த கதவு. சந்து அகலம் இரண்டு ஆள் ஒதுங்கிப் போகிற அளவு. அம்மா எப்போது வந்தாலும் இரண்டு கையிலும் சாமான் இருக்கும். தண்ணீர்க் குடம், காய்கறிப் பை, மாமி கொடுத்துவிட்ட தூக்கு. கையால் தட்ட முடியாது. வாசலில் நின்று கூப்பிடுவாள். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் பதில் கொடுக்க வேண்டும். மனுஷன் மூன்று தடவை கூப்பிடுவான். மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். இதில் என்னைவிட உங்கள் அம்மாவுக்குத்தான் பிடிவாதம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டால், மறுநாள் அவரிடமே போய், "இன்னொரு தடவ கூப்பிட்டா வாயா வலிக்கும்?" என்று சண்டை பிடிப்பாள்.

அதனால் அவளும் மூன்று தடவை கூப்பிடுவாள். ஒன்று, இரண்டு, மூன்றாவதோடு கதவுக்கு ஒரு உதை. பெரியவன் முதல் கூப்பாட்டிலேயே ஓடுவான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, "மூணாவது வரட்டும்ல" என்று விளையாட்டுக் காட்டுவேன். வெளியே அவளுக்கு எங்கள் சிரிப்புக் கேட்கும். அந்த மூன்றாவது உதை கொஞ்சம் பலமாக விழும்.

ஸ்டுடியோவிலிருந்து வந்த அன்றும் அவளுக்கு இந்தக் குறைதான். "அந்தப் பேய் ரெண்டு தடவைதான் வாய அசைக்கா. மூணாவதும் சொல்லுதேன்னேன். வேண்டாம்னுட்டாரு. மூணாவது கூப்பிடாம எவன் தொறப்பான்? அதான் அந்த மகன்காரன் சன்னல் வழியாக் குதிச்சு ஓடிட்டான்" என்றாள்.

பாப்பா பிறந்த மறு வருஷம் மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். திரும்பி வரவில்லை. பாப்பாவுக்கு அப்போது உட்காரத்தான் தெரியும்.

அவள் குரல் எங்களிடம் இல்லை. எல்லார் வீட்டிலும் போனில் ஏதாவது இருக்கும். எங்களிடம் இருந்தது பட்டன் போன், அதுவும் சந்தில் தண்ணீர் ஏறியபோது பரணிலிருந்து விழுந்து போய்விட்டது. கல்யாண சிடி இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதில் அம்மா நிறையப் பேசுகிறாள். யாரையோ திட்டுகிறாள், சிரிக்கிறாள், என் காதில் கூட ஏதோ சொல்கிறாள். ஆனால் வீடியோக்காரர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டாகப் போட்டு நிரப்பிவிட்டார். வாய் அசைகிறது, பாட்டு ஓடுகிறது. அன்றைக்கு எங்களுக்கு அதுதான் அழகு என்று பட்டது. என் காதில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கே நினைவில்லை.

ஆக, இந்த உலகத்தில் அவள் குரல் மிச்சம் இருந்தால் அது அந்தப் படத்தில்தான் இருக்க வேண்டும். அதுவும் தமிழில் வைத்தால் மட்டும். நீங்களோ எந்தப் படத்தையும் தமிழில் வைக்கிறவர்கள் இல்லை.

நான் டீயை வைத்துவிட்டு யோசித்தேன். பாப்பா தன் அம்மா குரலை நினைவு தெரிந்து ஒரு தடவைகூடக் கேட்டவள் இல்லை. முதல் தடவையாகக் கேட்பது ஒரு பேயின் வாயிலிருந்தா? அதற்குப் பிறகு அவள் மனதில் அம்மா என்றால் அந்தத் தலையில்லாத உருவம்தானே வந்து நிற்கும்? இந்தியிலேயே ஓடட்டும், பிள்ளை சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனம். இந்தத் தடவை விட்டால் படத்தை டிவியிலிருந்து தூக்கிவிடுவார்கள், பிறகு எங்கே போய்த் தேடுவாய் என்று இன்னொரு மனம். முன்னாலேயே சொல்லிவிடலாம் என்றால், என்னவென்று சொல்ல? 'நாலாவது கதையில் உங்கள் அம்மா வருவாள், பயப்படாதீர்கள்' என்றா?

இதற்குள் பாப்பா ஜன்னலில் போர்வையைச் செருகி வீட்டை இருட்டாக்கிவிட்டாள். "பகல்ல பேய் வராதுப்பா" என்றாள். பெரியவன் வழக்கம்போல இந்தியை வைத்தான்.

"தமிழ்ல போடுல" என்றேன்.

"அரே, தமிழ்ல போட்டா ஹாரரே வராதுப்பா. காமெடிதான் வரும்."

"வரட்டும். எனக்காகப் போடு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான்.

முதல் கதையில் ஒருவனுடைய மீசை அவனை விட்டு இறங்கி ஓடியது. பாப்பா உருண்டு சிரித்தாள். இரண்டாவது கதையில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஏறி வர, என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது கதை என் மனதில் ஏறவில்லை. நான் பார்க்கவில்லை. கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது ஆளாக ஒரு குண்டு மனுஷன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். சலூன்காரன் துண்டைக் கட்டினான். பனி கொட்ட ஆரம்பித்தது. வீட்டுக்குள் மகன் தனியாக உட்கார்ந்து சூப் குடிக்கிறான். பனியில் காலடிச் சத்தம் நெருங்கி வந்து, வாசலில் நின்றது. பெரியவன் சலிப்பாகப் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"ஏல, கதவத் தொறல. கை நெறய இருக்குல்லா."

பாப்பா ஹோ என்று சிரித்தாள். "அண்ணா, பேய் நம்ம அப்பா மாதிரி பேசுது!"

பெரியவன் சிரிக்கவில்லை. போன் மடியிலிருந்து நழுவியது. தரையில் கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டான். அவன் டிவியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தான். வலது கை தாழ்ப்பாள் இருக்கிற பக்கம் நீண்டிருந்தது. மீசை முளைத்த பையன். தான் ஏன் எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த முகத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். என்னை அறியாமல் நான் அவன் சட்டையைப் பிடித்திருந்தேன்.

"ஏல, கதவத் தொறல." இரண்டாவது தடவை.

பிறகு அந்த மகன்காரன் ஜன்னலைத் திறந்து பனியில் குதித்து ஓடினான். நாற்காலியில் இருந்த குண்டு மனுஷன் சிரித்தான்.

"எங்க போற அண்ணா?" என்றாள் பாப்பா.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்பா, யாருப்பா அது?"

நான் படத்தை நிறுத்தச் சொன்னேன். "அம்மா" என்று மட்டும் சொன்னேன். பிறகு ஸ்டுடியோ, மாமி, கண்ணாடி ரூம் என்று முன்னும் பின்னுமாக ஏதோ சொன்னேன். உங்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அதனால்தான் இங்கே ஒழுங்காக எழுதியிருக்கிறேன்.

பாப்பா பயப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "இன்னொரு தடவ போடு அண்ணா" என்றாள். போட்டான். காதை டிவியோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். பிறகு இன்னொரு தடவை. அந்தத் தலையின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இவ்ளோ காமெடியா?"

"ரொம்ப" என்றான் பெரியவன். "என்னையத்தான் கூப்பிடுதா. ஏலன்னு."

பாப்பா டிவியிலிருந்து காதை எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். வீட்டு வழக்கத்தை நான் அவளுக்கும் சொல்லிக் கொடுத்துத்தானே வளர்த்திருக்கிறேன்.

"அப்பா, அம்மா மூணாவது தடவ கூப்பிடலயே. அப்ப நாம கதவத் தொறக்கக் கூடாதா?"

இதுதான் அந்தக் கேள்வி.

நான் அடுத்த கதையைப் பார்ப்போம் என்றேன். ஐந்தாவது கதை ஓடியது. சலூன்காரனே பேய் என்று கடைசியில் தெரிந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை.

சாயங்காலம் பில்டிங் பிள்ளைகள் கீழே கூடுகிறார்கள் என்று பாப்பா கிளம்பினாள். முகத்தில் மாவு பூசிக்கொள்வதாக இருந்தவள், திட்டத்தை மாற்றிவிட்டாள். என் பெரிய சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, பொத்தானுக்கு நடுவே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, அண்ணனுடைய ஃபுட்பாலில் கண்ணும் வாயும் வரைந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, கதவத் தொறல. கை ஃபுல்லா இருக்குல்லா."

பெரியவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்லுகிறேன் பாப்பா, வருத்தப்படாதே. உன் குரல் அம்மா குரல் இல்லை. நான் ரொம்பக் கவனித்துக் கேட்டேன். அது உன் குரல்தான். அவன் கதவைத் திறந்துவிட்டு உன் பின்னாலேயே வந்தான், படியில் விழாமல் பார்த்துக்கொள்ள.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

கதவைத் தாழ் போட்டேன். ஜன்னலில் போர்வை அப்படியே இருந்தது. டிவியில் அந்த இடத்தைத் தேடி எடுக்க எனக்குத் தெரியவில்லை. சலூன்காரன் துண்டு கட்டுகிற இடத்துக்கும் மீசை ஓடுகிற இடத்துக்குமாக முன்னும் பின்னும் போய்க் கடைசியில் பனியைக் கண்டுபிடித்தேன். கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

கூப்பிட்டாள். நான் அசையவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். ஜன்னல் வழியாக அந்த மகன் குதிப்பதற்குள் டிவியை நிறுத்திவிட்டேன்.

வீடு அமைதியாக இருந்தது. வெளியே லிஃப்ட் எங்கேயோ நின்று, மறுபடி கிளம்பியது. ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் செம்பூர் வீடு அவளுக்குத் தெரியாது. தகரக் கதவும் இல்லை, சந்தும் இல்லை. எங்கே வந்து உதைப்பாள்?

நான் மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளை விலக்கினேன். கதவைச் சுவரோடு ஒட்டும்படி முழுக்கத் திறந்தேன். வாசலில் உங்கள் செருப்புகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கை நிறையச் சாமானோடு வருகிறவளுக்குக் கீழே பார்க்க முடியாது அல்லவா? அவற்றைக் காலால் ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.